டிராக்டரின் பாட்டரி, சார்ஜ், உஷ்ணம்: கோளாறுகளைக் கண்டறியும் முறை

எருதுக்கு நோய் கண்டால் குடியானவர் முதலில் அதன் வாயையும் குளம்பையும் பார்ப்பார். தீனி எடுத்ததா, அசை போட்டதா என்று கவனிப்பார். பிறகே வைத்தியரை அழைப்பார். பார்க்காமலே மருந்து வாங்குவோர் எவருமில்லை. ஆனால் டிராக்டர் விஷயத்தில் இந்த நிதானம் காணப்படுவதில்லை. சாவியைத் திருப்பியவுடன் இஞ்சின் கிளம்பாவிடில், பாட்டரி போய்விட்டதென்று தீர்மானித்துப் புதிய பாட்டரி வாங்குவதும், ரேடியேட்டர் கொதித்தால் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடியும் உழவு ஓட்டுவதும் கிராமங்களில் சாதாரணமாகக் காணும் வழக்கங்களாகும். முதல் வழக்கத்தினால் பணம் வீணாகின்றது. இரண்டாவதனால் இஞ்சினே பாழாகின்றது.

காவேரிப் பாசனப் பகுதிகளில் இவ்விரு தொல்லைகளும் பெரும்பாலும் ஒரே பருவத்தில் வந்து சேர்கின்றன. சம்பா அறுவடை முடிந்த பின்னர்ப் பல வாரங்கள் கொட்டகையில் நின்ற டிராக்டர், மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாளான ஜூன் 12-ஐ ஒட்டிக் குறுவைச் சேற்றுழவுக்கு இறக்கப்படுகின்றது. நின்ற காலத்தில் பாட்டரி தானே வலுக் குறைந்திருக்கும். இறங்கிய நாள் முதல் இஞ்சின் கடும் வெயிலில் முழுச் சுமையுடன் உழைக்க வேண்டும். நாற்று முதிர்ந்து, நடவாட்கள் காத்து நிற்கும் வேளையில் யந்திரம் நின்றுபோனால், உரியவருக்கு மட்டுமன்றி அவரிடம் வாடகைக்கு உழவு கேட்டுள்ள அண்டை அயலாருக்கும் நஷ்டமே. ஆதலால் இக்கோளாறுகளை ஒழுங்கான முறையில் கண்டறியும் விதம் இங்குக் கூறப்படுகின்றது. இதற்கு மெக்கானிக்கின் திறமை வேண்டுவதில்லை. கண்ணும் கையும், மல்டிமீட்டர் என்னும் ஒரு சிறு கருவியும் போதும்.

1. மூன்றுக்கும் உள்ள சம்பந்தம்

பாட்டரி மின்சாரத்தை உண்டாக்கிக் கொண்டே இருப்பதன்று; அது நெற்குதிர் போன்றது. போட்டதையே திருப்பி எடுக்கலாம். இஞ்சினைக் கிளப்பும்போது அதிலிருந்து பெரும் அளவு மின்சாரம் செலவாகின்றது. இஞ்சின் ஓடத் தொடங்கியதும், பழைய டிராக்டர்களில் டைனமோவும், பிற்பட்டவற்றில் ஆல்டர்னேட்டரும் அச்செலவை ஈடு செய்கின்றன. குதிர் காலியாயிருந்தால் குதிரின்மேல் குற்றஞ் சொல்வதில் பயனில்லை. நெல் வந்து சேர்ந்ததா, அல்லது அடியில் ஓட்டை வழியாக ஒழுகிற்றா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இனி, டிராக்டர்கள் பலவற்றில் இஞ்சினின் முன்புறத்தில் ஓடும் ஒரே பெல்ட்டுதான் மூன்று வேலைகளைச் செய்கின்றது. அது விசிறியைச் சுழற்றி ரேடியேட்டரின் வழியே காற்றை இழுக்கின்றது. தண்ணீர் பம்பைச் சுழற்றி இஞ்சினுக்குள் நீரைச் சுற்றிவரச் செய்கின்றது. ஆல்டர்னேட்டரைச் சுழற்றிப் பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டுகின்றது. அப்பெல்ட்டு தளர்ந்து வழுக்குமாயின் பாட்டரி பட்டினி கிடக்கும். நீரும் காற்றும் குறைந்து இஞ்சின் கொதிக்கும். சார்ஜ் விளக்கு எரிவதும் உஷ்ணமுள் ஏறுவதும் ஒரே சமயத்தில் நிகழ்ந்தால், வேறெதையும் தொடுமுன் பெல்ட்டைப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முதற் பாடமாகும்.

2. ஓர் உதாரணம்

ஒருவருக்கு ஏழு வேலி நிலமும் ஒரு டிராக்டரும் உள்ளனவெனக் கொள்க. ஜூன் மாதத் தொடக்கத்தில் டிராக்டர் கிளம்பவில்லை. அவர் அன்றே டவுனுக்குச் சென்று புதிய பாட்டரி வாங்கிப் பொருத்துகின்றார். இஞ்சின் உடனே கிளம்புகின்றது. பதினைந்து நாட்களில் அப்புதிய பாட்டரியும் சோர்ந்துவிடுகின்றது. கடைக்காரர் மட்டமான சரக்கைத் தந்துவிட்டாரென்று சச்சரவு உண்டாகின்றது. அதன்பின் நாள்தோறும் நாலு பேர் தள்ளி வண்டியைக் கிளப்புகின்றனர். மூன்றாம் வாரத்தில், கேஜ் வீல் பூட்டிச் சேறு கலக்கும்போது, நடுப்பகலில் ரேடியேட்டர் கொதித்து ஆவி பீறிடுகின்றது. தண்ணீர் ஊற்றி, ஆற விடாமல் மறுபடியும் ஓட்டுகின்றார்கள். மாலையில் இஞ்சின் இறுகி நின்றுவிடுகின்றது.

பட்டறையில் பிரித்துப் பார்க்கும்போது பெல்ட்டின் இருபக்கமும் கண்ணாடி போல் வழவழத்துக் காணப்படுகின்றது. பாட்டரி விலை, இஞ்சினைப் பிரித்துச் செப்பனிட்ட செலவு, பருவந் தவறிய நடவு ஆகிய இத்தனைக்கும் காரணம் அற்ப விலையுள்ள ஒரு பெல்ட்டேயாகும். முதல் நாளிலேயே இஞ்சின் ஓடும்போது பாட்டரியின் வோல்ட்டை ஒரு முறை அளந்திருந்தால், இவை யாவும் நேர்ந்திரா.

3. பாட்டரியைப் பரீட்சித்தல்

ஜாக்கிரதை: பாட்டரியில் உள்ளது கந்தக திராவகம் கலந்த நீர். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து வெளிப்படும் ஹைடிரஜன் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும். பீடி, தீக்குச்சி, விளக்கு முதலியவற்றை அருகே கொண்டு செல்லலாகாது. திராவகம் கண்ணில் தெறித்தால் உடனே சுத்தமான நீரால் கால் மணி நேரமேனும் கழுவி வைத்தியரிடம் செல்ல வேண்டும். கவ்விகளைக் கழற்றும்போது எர்த்துப் பக்கத்தை முதலிலும், பூட்டும்போது அதையே கடைசியிலும் செய்தல் வேண்டும். இவ்விதி தவறினால் திருப்புளியோ ஸ்பானரோ வண்டியின் உடலைத் தொட்டுப் பொறி பறக்கும்.

(அ) கண்ணால் பார்த்தல். கம்பங்களின்மேல் வெண்மையாகவோ நீலப் பச்சையாகவோ பூத்திருக்கும் உப்பு மின்சாரம் செல்வதைத் தடுக்கும். பாட்டரி நல்ல நிலையில் இருந்தும் இஞ்சின் கிளம்பாமைக்கு இதுவும், தளர்ந்த கவ்வியும், துருவேறிய எர்த்துக் கம்பியுமே பல சமயங்களில் காரணமாகின்றன. கவ்விகளைக் கழற்றி, வெந்நீரில் சிறிது சமையல் சோடா கரைத்துக் கழுவி, உலோகம் மின்னும்படி சுரண்டி, இறுக்கிப் பூட்டி, மேலே வாசலைன் பூச வேண்டும். சோடா நீர் பாட்டரியின் உள்ளே செல்லாதவாறு மூடிகள் இறுகியிருத்தல் அவசியம்.

(ஆ) நீர்மட்டம். மூடி திறக்கும் வகைப் பாட்டரிகளில், தகடுகளுக்கு மேல் சுமார் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை நீர் நிற்க வேண்டும். குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுக. கிணற்று நீரும் குழாய் நீரும் தகடுகளைக் கெடுக்கும். திராவகம் ஊற்றுவது பெருந்தவறு. ஆவியாய்ப் போனது நீரேயன்றித் திராவகமன்று.

(இ) வோல்ட்டு அளத்தல். இஞ்சினை நிறுத்தி, ஓர் இரவு கழிந்தபின் அளப்பது நலம். ஓடி நின்றவுடன் அளந்தால் உண்மைக்கு மேலான அளவு காட்டும். 12 வோல்ட்டுப் பாட்டரியில்,

12.6 அல்லது அதற்கு மேல்: முழுச் சார்ஜ்.
12.4 அளவில்: ஏறக்குறைய முக்கால் பங்கு.
12.2 அளவில்: ஏறக்குறையப் பாதி.
12.0 அளவில்: கால் பங்கு.
11.8-க்குக் கீழ்: காலியானது.

காலியான பாட்டரி யாவும் கெட்ட பாட்டரியன்று. அதை வெளியே கழற்றி, அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில், அதாவது 80 ஆம்பியர்-மணிப் பாட்டரிக்கு 8 ஆம்பியரில், நிதானமாகச் சார்ஜ் செய்து, ஒரு நாள் வைத்திருந்து மறுபடியும் அளக்க வேண்டும். 12.6-இல் நிலைத்து நின்றால் குற்றம் வேறிடத்தில் உள்ளது. ஏறிய அளவு மறுநாளே சரிந்துவிட்டால் பாட்டரி மாற்ற வேண்டியதே.

(ஈ) ஹைடிராமீட்டர். இது திராவக நீரின் ஒப்படர்த்தியைக் காட்டுங் கருவி. முழுச் சார்ஜில் 1.250-க்கு மேலும், காலியான நிலையில் 1.120 அளவிலும் காட்டும். ஆறு அறைகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஐந்து அறைகள் ஒத்திருக்க ஓர் அறை மட்டும் 0.050 அளவு தாழ்ந்திருந்தால், அவ்வறை கெட்டுவிட்டதென்று கொள்ளலாம். மூடி திறவாத வகைகளுக்கு இப்பரீட்சை இயலாது. வோல்ட்டு அளவே துணை.

(உ) கிளப்பும்போது அளத்தல். ஒருவர் சாவியைத் திருப்ப மற்றொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பாட்டரியின் வோல்ட்டு 9.6-க்குக் கீழ் இறங்கினால், பாட்டரி வலுவற்றது அல்லது சார்ஜ் அற்றது. இறங்காமல் 12 அளவிலேயே நிற்க, ஸ்டார்ட்டரும் அசையாதிருந்தால், மின்சாரம் அதற்குச் சென்று சேரவில்லை. கியர் நியூட்ரலில் உள்ளதா, கிளட்ச் முழுதும் மிதிக்கப்பட்டதா என்று முதலில் பார்க்க. இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் கிளம்பாதபடி தடுக்கும் சுவிட்சு பல டிராக்டர்களில் உண்டு. இதை அறியாமல் பாட்டரியைக் கழற்றுவோர் உளர்.

4. சார்ஜ் ஏறுவதைப் பரீட்சித்தல்

இஞ்சினைக் கிளப்பி நடுத்தர வேகத்தில் ஓடவிட்டுப் பாட்டரிக் கம்பங்களில் மீட்டரை வைக்க வேண்டும். 13.8 முதல் 14.5 வோல்ட்டு வரை காட்டினால் சார்ஜ் சரியாக ஏறுகின்றது. பின்பு முன்விளக்குகளைப் போட்டுப் பார்த்தாலும் அளவு 13.5-க்குக் கீழ் இறங்கலாகாது. நின்றிருந்தபோது காட்டிய அளவையே காட்டினாலும், அதிலிருந்து இறங்கினாலும் சார்ஜ் ஏறவில்லை என்பது திண்ணம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுள்ளது. அத்தகைய வண்டியில் பாட்டரி நீர் அடிக்கடி வற்றும். விளக்குகள் அடிக்கடி கருகும்.

சார்ஜ் ஏறாவிடில் பின்வரும் வரிசையில் பார்க்க வேண்டும்.

முதலில் பெல்ட்டு. இஞ்சினை நிறுத்தி, இரு கப்பிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் தாழ வேண்டும். வண்டியின் கையேட்டில் வேறு அளவு கூறியிருப்பின் அதுவே பிரமாணம். பெல்ட்டு தன் இரு பக்கங்களால் கப்பியைப் பற்றுகின்றதேயன்றி அடிப்புறத்தால் அன்று. தேய்ந்து கப்பியின் அடியைத் தொடும் பெல்ட்டை எவ்வளவு இறுக்கினும் வழுக்கும். அதை மாற்றியே தீர வேண்டும். மிகையாக இறுக்குதலும் கூடாது. பம்பு, ஆல்டர்னேட்டர் ஆகியவற்றின் பேரிங்குகள் விரைவில் தேயும்.

இரண்டாவது, கம்பிகள். எலி கடித்த கம்பியும், அதிர்ச்சியால் கழன்ற முனையும், எரிந்த ப்யூசும் அடிக்கடி காணப்படுவன.

மூன்றாவது, சார்ஜ் விளக்கு. சாவியைத் திருப்பி இஞ்சினைக் கிளப்பாதிருக்கும்போது இவ்விளக்கு எரிய வேண்டும். கிளம்பியதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியாவிடில் விளக்கு கருகியிருக்கும். சில அமைப்புகளில் அவ்விளக்கின் வழியாகவே ஆல்டர்னேட்டருக்கு முதல் மின்சாரம் செல்வதால், விளக்கு கருகினால் சார்ஜும் நின்றுபோம்.

இம்மூன்றும் செம்மையாக இருப்பின், ஆல்டர்னேட்டரைக் கழற்றி மின்சாரப் பட்டறைக்கு அனுப்பலாம்.

இங்கு ஒரு தீய பழக்கத்தைக் கண்டிக்க வேண்டும். இஞ்சின் ஓடும்போதே பாட்டரிக் கவ்வியைக் கழற்றி, இஞ்சின் நிற்கின்றதா என்று பார்ப்பது டைனமோ காலத்திலிருந்து வரும் வழக்கம். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அவ்வாறு செய்தால் வோல்ட்டு திடீரென்று உயர்ந்து, அதனுள் இருக்கும் டயோடுகள் அழிந்துபோகும். டீசல் இஞ்சினோ பாட்டரியின்றியும் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே இப்பரீட்சை ஒன்றையும் நிரூபிப்பதில்லை.

சார்ஜ் நன்கு ஏறியும் இரவில் பாட்டரி காலியானால் எங்கோ ஒழுக்கு உள்ளது. டிரெய்லருக்கு இழுத்த கம்பி, பின்னாளில் பூட்டிய பாட்டுப் பெட்டி, அணையாத விளக்கு ஆகியவற்றைத் தேட வேண்டும்.

5. இஞ்சின் கொதித்தல்

கொதிக்கும் அறிகுறி கண்டவுடன் சுமையை நீக்க வேண்டும். பெல்ட்டு அறாமலும் தண்ணீர் இழக்கப்படாமலும் இருந்தால், இஞ்சினைச் சில நிமிஷங்கள் மெதுவாக ஓடவிட்டுப் பின் நிறுத்துக. உள்ளிருக்கும் சூடு சிறிது தணியும். பெல்ட்டு அறுந்திருந்தாலோ நீர் வெளியேறியிருந்தாலோ அக்கணமே நிறுத்த வேண்டும். நீர் அற்றுப்போன இஞ்சினில் உஷ்ணமுள் உண்மையைக் காட்டாது என்பதையும் நினைவில் வைக்க. முள் இறங்கிவிட்டதென்று நம்பி ஓட்டியவர்கள் இஞ்சினை இழந்ததுண்டு.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறப்பது உயிருக்கே ஆபத்து. அம்மூடி உள்ளே அழுத்தத்தைக் காப்பதனால் நீர் 100 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் கொதியாமல் நிற்கின்றது. மூடி திறந்து அழுத்தம் நீங்கிய கணத்தில் அது கொதித்து முகத்தில் பாயும். அரை மணி நேரமேனும் ஆறவிட்டு, ஈரச் சாக்கைப் போர்த்தி, முதற் படி வரை மட்டும் திருகி, ஆவி வெளியேறியபின் முழுதும் திறக்க வேண்டும். சூடான இஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் சிலிண்டர் தலை வெடிக்கக் கூடும்.

ஆறியபின் காரணத்தைத் தேடும் வரிசை வருமாறு:

நீர்மட்டமும் ஒழுக்கும். ரப்பர்க் குழாய்கள், அவற்றின் பட்டைகள், தண்ணீர் பம்பின் அடியில் உள்ள சிறு துவாரம் ஆகியவற்றைப் பார்க்க. அத்துவாரத்தில் நீர் சொட்டினால் பம்பின் சீல் தேய்ந்துவிட்டது.

ரேடியேட்டர் முகப்பு. சேறும், கதிரடிக்கும் களத்துத் தூசும் உமியும், எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து தகடுகளின் இடைவெளியை மெழுகினாற்போல் அடைத்துவிடும். வயலில் வேலை செய்யும் டிராக்டர் கொதிப்பதற்கு இது மிகப் பொதுவான காரணம். காற்று முன்னிருந்து இஞ்சினை நோக்கிச் செல்வதால், கழுவும்போது இஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி நீரைச் செலுத்த வேண்டும். முன்னாலிருந்து பீய்ச்சினால் அழுக்கு மேலும் உள்ளே இறுகும். மிகுந்த வேகத்துடன் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கும்.

பெல்ட்டும் மூடியும். பெல்ட்டைப் பற்றி மேலே கூறப்பட்டது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலும் சுருள்வில் தளர்ந்திருந்தாலும் நீர் சீக்கிரம் கொதித்து வெளியேறும்.

தெர்மோஸ்டாட். இது நீர் சூடான பின்னரே ரேடியேட்டருக்கு வழிவிடும் கதவு. பெரும்பாலும் 80 முதல் 85 டிகிரி அளவில் திறக்கத் தொடங்கும். கழற்றி, ஒரு பாத்திரத்து நீரில் தொங்கவிட்டுச் சூடேற்றினால், திறக்கின்றதா என்பதைக் கண்ணால் காணலாம். திறவாவிடில் புதிதாகப் போடுக. அதை எடுத்தெறிந்துவிட்டு ஓட்டும் வழக்கம் நன்றன்று. இஞ்சின் தக்க சூட்டை அடையாமல் டீசல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் தேய்வும் மிகும்.

உப்புப் படிவு. ஆழ்குழாய்க் கிணற்று உப்பு நீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றினால், கெண்டியின் உட்புறம் போல் ரேடியேட்டர்க் குழாய்களிலும் காறை படியும். வெளியே எவ்வளவு கழுவினும் அது போகாது. பட்டறையில் கழுவ வேண்டும். இதைத் தடுக்க, கையேட்டில் குறித்த கூலன்ட் திரவத்தைக் காய்ச்சி வடித்த நீருடன் கலந்து நிரப்புதலே நலம். அத்திரவம் பெரும்பாலும் இனிப்புச் சுவையுள்ள விஷமாகும். வடித்ததை மாடும் நாயும் குடிக்குமிடத்திலும், குழந்தைகள் கையெட்டும் இடத்திலும் வைக்கலாகாது.

சுமை. அகன்ற ரோட்டவேட்டரை ஆழமாக இறக்கி, உயர்ந்த கியரில், சிறிய இஞ்சினைக் கொண்டு இழுப்பித்தால், யாதொரு கோளாறும் இல்லாத இஞ்சினும் கொதிக்கும். ஒரு கியர் குறைப்பதே அதற்கு மருந்து.

கேஸ்கெட். இவையனைத்தும் சரியாயிருந்தும் கொதித்தால், ஆறிய இஞ்சினின் மூடியைத் திறந்து வைத்துக் கிளப்பிப் பார்க்க. நீரில் ஓயாமல் குமிழி எழுந்தாலும், இஞ்சின் எண்ணெய் மோர் போல் வெளுத்திருந்தாலும், சிலிண்டர் தலைக் கேஸ்கெட் கெட்டிருக்கலாம். அதன்பின் ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழைக்க வேண்டும்.

6. ஒரே பார்வையில்

விளக்கு மங்கி, ஸ்டார்ட்டர் 'டக் டக்' என்று ஒலித்தால்: கவ்விகள், பிறகு பாட்டரிச் சார்ஜ்.
விளக்கு பிரகாசமாயிருந்து, ஸ்டார்ட்டர் அசையாவிடில்: நியூட்ரல், கிளட்ச், சுவிட்சு, கம்பி.
புதிய பாட்டரியும் சில நாட்களில் சோர்ந்தால்: சார்ஜ் வோல்ட்டு, பெல்ட்டு.
பாட்டரி நீர் அடிக்கடி வற்றினால்: ரெகுலேட்டர்.
சார்ஜ் விளக்கும் உஷ்ணமும் சேர்ந்து வந்தால்: பெல்ட்டு. உடனே நிறுத்துக.
சேற்றுழவில் மட்டும் கொதித்தால்: ரேடியேட்டர் முகப்பு, கியர்.
நீர் தினந்தோறும் குறைந்தால்: ஒழுக்கு, பம்பு, கேஸ்கெட்.

7. சங்கங்களும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியவை

டிராக்டர் வைத்து வாடகைக்கு விடும் கூட்டுறவுச் சங்கங்கள் ஒரு மல்டிமீட்டரையும் ஒரு ஹைடிராமீட்டரையும் வாங்கி வைத்தல் மிகவும் அவசியம். இரண்டின் விலையும் ஒரு பாட்டரி விலையில் சிறு பகுதியே. வண்டிக்கென்று ஒரு குறிப்பேடு வைத்து, வாரம் ஒரு முறை, நின்ற நிலை வோல்ட்டு, ஓடும் நிலை வோல்ட்டு, ரேடியேட்டரில் ஊற்றிய நீரின் அளவு, பெல்ட்டின் நிலை ஆகிய நான்கையும் டிரைவர் பதிய வேண்டும். சங்கச் செயலாளர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். பாட்டரியோ இஞ்சின் ரிப்பேரோ வேண்டுமென்று பட்டியல் வரும்போது, இக்குறிப்பேட்டைப் பார்த்த பின்னரே சம்மதம் அளிப்பது பொதுப்பணத்தைக் காக்கும் வழியாகும். டிரைவரின்மேல் வீண்பழி நேராதிருக்கவும் இக்குறிப்பே சாட்சி.

வேலையில்லாத மாதங்களில் எர்த்துக் கவ்வியைக் கழற்றி வைத்து, மாதம் ஒரு முறை பாட்டரியைச் சார்ஜ் செய்ய வேண்டும். காலியான நிலையில் நெடுநாள் கிடக்கும் பாட்டரியின் தகடுகளில் ஈயக் கந்தகை உப்பு இறுகிவிடும். பின்னர் எவ்வளவு சார்ஜ் செய்யினும் அது பழைய வலுவை அடையாது. உஷ்ணம் மிகுந்த தகரக் கொட்டகையைவிட நிழலும் காற்றும் உள்ள இடமே டிராக்டருக்கு உகந்தது. வெப்பம் ஏற ஏறப் பாட்டரியின் ஆயுள் குறையும்.

அணை திறக்கும் நாளுக்கு இரண்டு வாரங்கள் முன்னதாக ஒரு காலைப் பொழுதை இப்பரீட்சைகளுக்கென ஒதுக்கினால், குற்றமுள்ள உறுப்பை வாங்கவும் மாற்றவும் அவகாசம் கிடைக்கும். காசு செலவில்லாத பரீட்சையை முதலிலும், செலவுள்ள மாற்றத்தைக் கடைசியிலும் வைத்துக்கொள்பவர் பருவத்தையும் பணத்தையும் இழப்பதில்லை.